மரண விசாரணைக் கடதாசியில் இருக்கும் சொற்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா குளக்கரையில் இறந்து கிடந்த நாள், குடும்பத்தின் சார்பில் வாக்குமூலம் கொடுத்தவன் நான்தான். "அவருக்கு ஏதும் வருத்தம் இருந்ததா?" என்று கேட்டார்கள். சின்ன வயதில் ஒருமுறை வலிப்பு வந்ததாகச் சொன்னேன். "வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்துள்ளார்" என்று எழுதப்பட்டிருந்ததை நான் வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு சித்தி காப்புறுதிப் பணம் கேட்டுப் போனபோது, இது விபத்தா நோயா என்று ஒன்றரை வருடம் இழுத்தடித்தார்கள். எல்லாம் அந்த ஒரு வரியால்.

அதன் பிறகுதான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிக்கத் தொடங்கினேன். நான் சட்டத்தரணி இல்லை. ஊரில் செத்தவீடு நடந்தால் கடதாசி வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அப்படிப் போன இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

கொரோனர், மரண விசாரணை அதிகாரி, சட்ட வைத்திய அதிகாரி, நீதவான். இவர்களில் யார் எதைத் தீர்மானிக்கிறார்?

இதில் குழம்பினால் மற்ற எல்லாமே குழம்பும். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய ஆட்கள் கொரோனர் என்று சொல்பவரை இப்போது திடீர் மரண விசாரணை அதிகாரி என்கிறோம். இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் ஒரு குறிப்பிட்ட பிரதேசத்துக்கு நியமிக்கப்படுபவர் அவர். வைத்தியராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சடலம் இருக்கும் இடத்துக்குப் போய், பார்த்து, விசாரித்து, மரணத்துக்கான வெளிப்படையான காரணத்தை அறிக்கையாக எழுதுவது அவர் வேலை. காயம், முறிவு, கண்டல் எல்லாவற்றையும் அதில் விவரிக்க வேண்டும்.

சட்ட வைத்திய அதிகாரி வைத்தியர். உடலைப் பரிசோதித்து மருத்துவக் காரணத்தைச் சொல்வார். யார் செய்தது என்று சொல்வது அவர் பொறுப்பில் இல்லை.

நீதவான் நீதிமன்றத்தில் இருப்பவர். சந்தேகத்துக்கிடமான மரணம், காவலில் நடந்த மரணம், புதைத்த உடலைத் தோண்டுவது ஆகியவை அவரிடம்தான் போகும்.

பொலிஸ் இந்த மூவருக்கும் தகவல் கொண்டு போகும், வாக்குமூலம் எடுக்கும். "பொலிஸ் இதைத் தற்கொலை எண்டு முடிச்சுப்போட்டாங்கள்" என்று அழுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பொலிஸ் அபிப்பிராயம் சொல்லலாம், மரண விசாரணையின் முடிவை எழுதுகிறவர் வேறு ஆள் என்பதைத்தான்.

எந்த மரணத்துக்கு விசாரணை கட்டாயம்?

சட்டக்கோவையின் 370ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: தற்கொலை, விலங்கினால், இயந்திரத்தினால் அல்லது விபத்தினால் நேர்ந்த மரணம், திடீரென்று அல்லது காரணம் தெரியாமல் நேர்ந்த மரணம்.

நம் பக்கத்துக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தும். வயல் காவலில் இருந்தவரை யானை அடித்தால் அது விலங்கினால் நேர்ந்த மரணம். புடையன் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தாலும் அதே வகைதான். பாம்புக்கடி எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, எதற்கு விசாரணை என்று கேட்பார்கள். சட்டம் யானைக்கும் பாம்புக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. நெல் வெட்டும் மெசினில் சிக்கினால் இயந்திரம். வரப்பில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பிரண்டு அடியில் அகப்பட்டாலும் அப்படித்தான்.

"திடீர்" என்றால் எத்தனை மணித்தியாலம்?

அந்தப் பிரிவில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. நோயின் அறிகுறி தொடங்கி 24 மணித்தியாலத்துக்குள் இறந்தால் திடீர் மரணம் என்று மருத்துவப் புத்தகங்களில் ஒரு கணக்கு உண்டு. அது வைத்தியர்களுக்கான அளவுகோல். சட்டத்தில் முக்கியமானது, அந்த மரணத்துக்குக் காரணம் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்பதுதான். நீண்ட நாள் வருத்தத்தில் கிடந்து, கிளினிக் போய் வந்த ஒரு முதியவர் வீட்டில் கண் மூடினால் கிராம அலுவலரின் அறிக்கையோடு பதிவாளரிடம் போய்விடலாம். அதே வயதுக்காரர் எந்த வருத்தமும் இல்லாமல் காலையில் எழும்பவில்லை என்றால் கதை வேறு.

கிளினிக்கில் வருத்தத்தையும் மருந்தையும் எழுதித் தரும் கிளினிக் கொப்பியைத் தூக்கி எறிய வேண்டாம். செத்தவீட்டில் அதைவிடப் பெறுமதியான கடதாசி வேறு இல்லை.

மரணத்தின் "காரணம்" என்பதும் "விதம்" என்பதும் ஒன்றா?

இல்லை. சித்தப்பாவின் விஷயத்தில் நான் மாட்டியது இங்கேதான்.

காரணம் என்பது உடலுக்குள் நடந்தது: நீரில் மூழ்கியமை, தலையில் ஏற்பட்ட காயம், இதயத் தசைக்கு இரத்தம் போகாமை, மின்சாரம் தாக்கியமை. வைத்தியர் இதைச் சங்கிலி போல எழுதுவார். முதல் வரியில் உடனடிக் காரணம், கீழே அதற்குக் காரணமானது, அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. பக்கத்தில் துணைநின்ற வேறு நோய்கள் இருந்தால் அவை தனியாக வரும். நீரிழிவு என்று அங்கே ஒரு சொல் இருந்தால் ஆள் நீரிழிவால் செத்தார் என்று பொருள் இல்லை. எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள்.

"இதயம் நின்றது, மூச்சு நின்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது காரணமே இல்லை. எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நடக்கிறது. ஏன் நின்றது என்று மரியாதையாகக் கேட்கலாம்.

விதம் என்பது அந்தக் காரணம் எப்படி வந்து சேர்ந்தது என்பது. இயற்கை, விபத்து, தற்கொலை, மற்றவரின் செயல், தீர்மானிக்க முடியாதது என்று ஐந்தாகப் பிரிப்பார்கள். நீரில் மூழ்கியமை என்ற ஒரே காரணத்துக்கு இந்த ஐந்தில் எதுவும் விதமாக வரலாம். குளிக்கப் போய் வழுக்கினாரா, தானாக இறங்கினாரா, யாரும் தள்ளினார்களா, வலிப்பு வந்ததா என்பதை நுரையீரலில் இருக்கும் தண்ணீர் சொல்லாது. கரையில் கிடந்த செருப்பும் சவர்க்காரமும் கண்டவர்களின் வாயும்தான் சொல்லும். அதனால்தான் வாக்குமூலம் இவ்வளவு முக்கியம்.

இதற்குப் பிறகு மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: யார் பொறுப்பு? மரண விசாரணை அதற்கு வழி காட்டலாம். தண்டனை கொடுக்காது.

பன்றிக்கு இழுத்த மின்கம்பியில் அடிபட்டு இறந்தால் அது விபத்தா, கொலையா?

வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். மேலே சொன்ன மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். காரணம், மின்சாரம் தாக்கியமை. விதம், பெரும்பாலும் விபத்து என்றே எழுதப்படும், ஏனென்றால் கம்பி இழுத்தவர் பன்றியைத்தான் நினைத்தார். ஆனால் விபத்து என்ற சொல்லைப் பார்த்ததும் கம்பிக்காரர் தப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கவலையீனமாகவோ யோசனையின்றியோ செய்த செயலால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றம். விபத்து என்ற முடிவும் அந்த வழக்கும் ஒரே மரணத்துக்கு இருக்கலாம்.

கொலை என்ற சொல்லையும் நாங்கள் ஊரில் பொதுவாகத்தான் பாவிக்கிறோம். சட்டத்தில் அதற்குப் படிகள் உண்டு. மரணம் விளைவிக்கும் எண்ணத்தோடு, அல்லது மரணம் வரக்கூடும் என்று தெரிந்துகொண்டு செய்தது குற்றமாகும் ஆட்கொலை, 293ஆம் பிரிவு. அதில் கடுமையான வகை கொலை, 294ஆம் பிரிவு. சடுதியான பெரும் ஆத்திரமூட்டல் போன்ற விதிவிலக்குகள் இருந்தால் அது கொலையைவிடக் குறைந்த குற்றமாக, பத்திரிகைகள் எழுதும் கைமோசக் கொலையாக இறங்கும். எது என்பது மேல் நீதிமன்றத்தில் முடிவாகும் விஷயம். மரண விசாரணையில் அதை எதிர்பார்த்துப் போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"தற்கொலை" என்று எழுத என்ன வேண்டும்? எழுதினால் குடும்பத்துக்கு வழக்கு வருமா?

தன் உயிரைத் தானே போக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். வயலுக்கு அடிக்கும் மருந்து உடம்பில் இருந்தது என்பது மட்டும் அந்த எண்ணத்தைக் காட்டாது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மருந்தைத் தண்ணீர் என்று குடித்தவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அதை விசாரணையில் சொல்லுங்கள்.

வழக்குப் பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றதைக் குற்றமாக்கிய பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. பிழைத்து வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது வீண் பயம். ஒருவரை அதற்குத் தூண்டியதுதான் குற்றம். வீட்டில் யாரும் அப்படிப் பேசத் தொடங்கினால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

"திறந்த தீர்ப்பு" கொடுத்திருக்கிறார்கள். வழக்கை மூடிவிட்டார்களா?

சொல்லிலேயே பதில் இருக்கிறது. கிடைத்த சாட்சியத்தை வைத்து விதத்தைச் சொல்ல முடியவில்லை என்று பொருள். பல நேரங்களில் உடற்பாகங்கள் கொழும்பில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போயிருக்கும், அந்த அறிக்கை வர மாதக்கணக்காகலாம். குடும்பத்துக்கு அது நெஞ்சில் கல்லைக் கட்டிய மாதிரி. ஆனாலும் என் அபிப்பிராயத்தில், அவசரப்பட்டு எழுதிய பிழையான முடிவைவிடத் திறந்த தீர்ப்பு நல்லது. பிழையான முடிவைத் திருத்துவது எவ்வளவு பாடு என்று சித்தியைக் கேட்டால் தெரியும்.

பிரேத பரிசோதனை வேண்டாம் என்று சொல்லலாமா?

கேட்கலாம். முடிவு உங்களுடையது இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 373ஆம் பிரிவின்படி, காரணத்தைக் கண்டுபிடிக்க வைத்தியப் பரிசோதனை தேவை என்று நீதவானோ விசாரணை அதிகாரியோ கருதினால் உத்தரவிடலாம். கருதினால் என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரியில் அனுமதித்த பத்திரம் ஆகியவற்றைக் காட்டி, காரணம் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று விளக்கினால் சிலவேளை விட்டுவிடுவார்கள். காயம் இருந்தால், நஞ்சு சந்தேகம் இருந்தால், ஆள் இளவயது என்றால் விடமாட்டார்கள். விடவும் கூடாது.

உடலை அறுக்கிறார்களே என்ற வேதனை எனக்கும் தெரியும். பரிசோதனைக்குப் பிறகு தைத்து, கழுவித்தான் தருவார்கள். முகத்தை எல்லோருக்கும் காட்டலாம்.

எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் தகனம்தானே?

சைவக் குடும்பங்களை மிகவும் உலுப்பும் விஷயம் இது. அங்கே வழக்கத்தை மதிக்கவில்லை என்று சண்டை பிடிக்கத் தோன்றும். காரணம் எளியது. எரித்தால் திரும்பப் பார்க்க எதுவும் மிஞ்சாது. சந்தேகம் தீராத மரணத்தில் இன்னொரு பரிசோதனை தேவைப்படலாம் என்பதால் அடக்கம் செய்யச் சொல்வார்கள். புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கும் உத்தரவை நீதவான் மட்டுமே கொடுக்க முடியும். ஊர்ச் சங்கமோ பொலிஸோ தாங்களாகத் தோண்ட முடியாது.

புதைப்பதென்றால் இடத்தைத் தெளிவாக அடையாளம் வையுங்கள். அந்தியேட்டிக் கிரியைகள் செய்ய எந்தத் தடையும் இல்லை.

பொலிஸ் காவலிலோ சிறையிலோ இறந்தால்?

இங்கே விசாரணை அதிகாரி போதாது. பொலிஸ் காவல், சிறை, மனநல ஆஸ்பத்திரி, தொழுநோய் ஆஸ்பத்திரி (பழைய சட்டத்தின் வாசனை) ஆகியவற்றில் இறந்தால், பொறுப்பில் இருந்த அதிகாரி உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டக்கோவையின் 371ஆம் பிரிவு. நீதவானே உடலைப் பார்த்து விசாரிக்க வேண்டும். நோயால் இறந்தார் என்று சொல்லி இதைத் தவிர்க்க முடியாது. இந்த விசாரணையில் குடும்பத்துக்காகச் சட்டத்தரணி ஒருவர் தோன்றலாம். முதல் நாளே ஒருவரைப் பிடியுங்கள்.

மரண விசாரணை என்பது எப்போதும் இருந்த உரிமை என்று நினைக்க வேண்டாம். 1983இல் கொண்டுவரப்பட்ட 15ஏ என்ற அவசரகால ஒழுங்குவிதி, விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் பாதுகாப்புப் படைகளுக்கு இடம் கொடுத்தது. அதனால்தான் எங்கள் பெரியவர்கள் விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே முதலில் நம்பமாட்டார்கள்.

வாக்குமூலம் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ், அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வேறு மொழியில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு இடம் தர வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து.

கண்டது வேறு, கேள்விப்பட்டது வேறு, நினைப்பது வேறு. "இருக்கலாம்" என்று நீங்கள் சொன்னது "இருந்தது" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "மரணத்தில் சந்தேகம் இல்லை" என்ற வரி பழக்கத்தில் தானாக வந்து விழும். உண்மையிலேயே சந்தேகம் இல்லை என்றால் சரி. தெரியாது என்றால் "தெரியாது" என்று எழுதச் சொல்லுங்கள்.

நிலத்தைத் தோண்டும்போது எலும்பு வந்தால் அதுவும் மரண விசாரணையா?

ஆம், நீதவானின் மேற்பார்வையில். தோண்டுவதை நிறுத்தி, தொடாமல், அறிவிக்க வேண்டும். 2023 ஜூன் மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோதுதான் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவோடு சட்ட வைத்திய அதிகாரிகளும் தொல்லியலாளர்களும் சேர்ந்து அகழ்ந்தார்கள். 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

இங்கே கேள்விகளின் வரிசையே மாறுகிறது. காரணமும் விதமும் பிறகு. முதலில் இது மனித எலும்பா, எத்தனை பேர், எந்தக் காலம், யார்? மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளின் கார்பன் பரிசோதனை, அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை என்றது. பல குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு கார்பன் முடிவு காலத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்ல மரபணுவும், கூடக் கிடைத்த உடுப்பு, இலக்கத் தகடு போன்ற பொருட்களும் வேண்டும்.

காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் என்ன?

உடல் இல்லாத இடத்தில் மேலே சொன்ன எந்தச் சொல்லும் வேலை செய்யாது. அதற்குத்தான் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவரின் இறப்பைப் பதிய அது வழி செய்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்கிறது. எப்படி, யாரால் என்று சொல்வதில்லை. "என்ர பிள்ளை செத்ததெண்டு நான் கையெழுத்து வைக்கேலாது" என்று அம்மாமார் சொன்னது இதனால்தான். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய வீதியோரப் போராட்டத்தின் கேள்வியும் அதுவே.

2016இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்ற இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அது ஆள் இறந்தார் என்று சொல்லாது, காணவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்து உதவித்தொகை, பிள்ளைகளின் பராமரிப்பு, சொத்து தொடர்பான அலுவல்களைப் பார்க்கலாம். தேடும் உரிமை போகாது. எதை எடுப்பது, எடுக்காமலே இருப்பது என்பது அந்த வீட்டின் முடிவு. அதில் நான் வாய் திறப்பதில்லை. எந்தக் கடதாசி என்ன சொல்கிறது என்று மட்டும் வாசித்துக் காட்டுவேன்.

லண்டனிலோ கனடாவிலோ எங்கள் ஆள் இறந்தால் இதே சொற்கள்தானா?

ஒலி ஒன்று, பொருள் கொஞ்சம் வேறு. இங்கிலாந்தில் கொரோனர் நீதித்துறைப் பதவி. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் நான்கு கேள்விக்குத்தான் பதில் தேடுவார்: யார், எப்போது, எங்கே, எப்படி. யாரையும் பெயர் சொல்லிக் குற்றவாளி என்று முடிவு செய்ய அவருக்கு இடமில்லை. தீர்ப்பு என்ற சொல்லை இப்போது விட்டு, முடிவு என்கிறார்கள். அங்கே விபத்துக்குப் பக்கத்தில் மிஸ்அட்வெஞ்சர் என்று ஒன்று உண்டு. ஆள் விரும்பிச் செய்த காரியம் நினையாத விதமாக மரணத்தில் முடிந்தது என்று பொருள். அதற்கு "துணிகரச் செயல்" என்று யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்து, மகன் ஏதோ தப்புச் செய்தான் போல என்று ஒரு தாய் கலங்கியதைப் பார்த்தேன். விசாரணை முடிய முன்னர் இடைக்கால மரணச் சான்றிதழ் கொடுப்பார்கள், வங்கி அலுவல்களுக்கு அது உதவும். உடலை இங்கே கொண்டுவர கொரோனரின் அனுமதி வேண்டும்.

ஒன்டாரியோவில் கொரோனர்கள் வைத்தியர்கள். அவர்கள் ஹோமிசைட் என்று எழுதினால் இன்னொருவரின் செயலால் மரணம் என்பதுதான் பொருள், குற்றம் நிரூபிக்கப்பட்டது என்று எடுக்கக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு என்னென்ன கடதாசி கையில் இருக்க வேண்டும்?

மரணச் சான்றிதழின் பிரதிகள், ஒன்றுக்கு மேல். 3 மாதத்துக்குள் பதிந்தால் சுலபம், பிந்தினால் காலங்கடந்த பதிவு என்று அலைய வேண்டும். விசாரணை அறிக்கையையும் பரிசோதனை அறிக்கையையும் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியாக எடுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அந்த மேசையிலேயே நின்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில், வீட்டோடு சேர்த்துக் கடதாசியும் போனது என்று உங்களுக்குத் தெரியும்தானே.